சிரிப்பு ஷாட்

"யக்கா, நீங்க அனுப்புன பதினொரு போட்டோலயும் அவுக செத்துல்லக்கா கெடக்காக?"

போனில் கேட்டவர் அருப்புக்கோட்டை ஃப்ளெக்ஸ் கடைக்காரர். அவர் கேட்டதில் தப்பில்லை. ஒரு படத்தில் கழுத்து நிறைய மாலை. ஒன்றில் கிணற்றிலிருந்து தூக்கிப் போட்ட கோலம். ஒன்றில் கருவேல மரத்தடியில் வெட்டுப்பட்டுக் குப்புற. பன்னிரண்டாவது வேண்டுமென்றால், யுவராணி அப்படியே திரும்பி, கூடத்தில் ஐஸ்பெட்டிக்குள் இருக்கும் அப்பாவை ஒன்று எடுத்து அனுப்பலாம். கடைக்காரருக்கு வித்தியாசம் தெரியப் போவதில்லை.

"உசுரோட இருக்க மாதிரி ஒண்ணு பாருங்கக்கா. ஒரு மணிக்குள்ள வந்தாத்தான், எடுக்கதுக்குள்ள அடிச்சுத் தர முடியும்."

மணி பன்னிரண்டேகால். எடுப்பு ஐந்து மணிக்கு.

அப்பா உக்கிரபாண்டி முப்பது வருடம் ராஜபார்ட். நரிக்குடிப் பக்கம் எந்தக் கோயில் பொங்கலுக்கு நாடகம் போட்டாலும் கிரீடம் அவர் தலையில்தான். ஐம்பது வயதில் குரல் உடைந்துவிட்டது. ராஜாவுக்குப் பாடத் தெரிய வேண்டும்; பிணத்துக்கு அந்தத் தொந்தரவு இல்லை. அந்தச் சமயம் பார்த்து சினிமாக் கம்பெனிகள் திருச்சுழிப் பக்கம் வர ஆரம்பித்தன. வெட்டுக்குத்துப் படம் எடுப்பவர்களுக்கு இந்தக் காய்ந்த பூமி அவ்வளவு பிடித்துப்போனது. செட்டுச் செலவே கிடையாது. முதல் படத்தில் உச்சி வெயிலில் கண்மாய்க்குள் கிடந்தார். கண்ணிமையில் கட்டெறும்பு ஊர்ந்தது. அசையவில்லை. அன்றைக்கே அவர் தலையெழுத்து முடிவாகிவிட்டது. அப்புறம் இருபத்து மூன்று படத்தில் செத்தார். ஒரே ஒரு படத்தில் வசனம் உண்டு. "தண்ணி" என்பார். கொடுப்பதற்குள் செத்துவிடுவார்.

"கிரீடத்தோட இருக்கதப் போட்டு விடுக்கா," என்றான் தம்பி மாரிசெல்வம். லோடு வண்டியைப் பாதி வழியில் ஆளிடம் விட்டுவிட்டு வந்திருந்தான். "அப்பான்னா ராஜபார்ட்டுதான?"

"அது அப்பா மூஞ்சியாடா? அரைக்கிலோ ரோஸ் பவுடரு. வரைஞ்ச மீச."

"அப்ப ஆதார் கார்டுல இருக்கது?"

"அதுலயும் செத்த மாதிரித்தான் இருக்காக."

"ஆதார்ல எல்லாரும் அப்படித்தாங்க்கா இருப்பாக."

அவளுக்கு அப்பா முகம் வேண்டும். வேஷமில்லாத முகம், உயிரோடு இருக்கிற முகம். இன்றைக்குக் காலையில் அதை அவள் சரியாகப் பார்க்கவில்லை. அதுதான் உள்ளே அறுத்துக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை ஷூட்டிங். அதற்காக மூன்று நாளாக ஒத்திகை. பாயை விரித்து மல்லாந்துவிட்டால் யாரும் கூப்பிடக் கூடாது. யுவராணிக்கு ஒரே வேலைதான்: போகிற வருகிற போக்கில் வயிறு அசைகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். "அசையுதுப்பா" என்றால் அப்பா முதலிலிருந்து சாக ஆரம்பிப்பார். இன்று ஏழு மணிக்கு, அவரைச் சுற்றிக் கூட்டிப் பெருக்கிவிட்டுக் குனிந்து பார்த்தாள். "இன்னைக்கு வயிறு கொஞ்சங்கூட அசையலப்பா. சூப்பரு" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள். மூன்று குடம் பிடித்தாள். குழாயடியில் இரண்டு பேச்சுப் பேசினாள். திரும்பி வந்தபோது, பாய்க்குப் பக்கத்தில் அவள் வைத்திருந்த காப்பி ஆடை கட்டிக் கிடந்தது.

"எப்பத்தா உசுரு போச்சு?" என்று கேட்டவர்களிடமெல்லாம் "ஏழரைக்கு" என்றாள். அது அவள் குடத்தோடு திரும்பி வந்த நேரம்.

எம்.ரெட்டியபட்டியிலிருந்து ஷேர் ஆட்டோவில் பால்சாமி வந்து இறங்கினார். நாடகத்தில் அப்பாவுக்கு எதிரே முப்பது வருடம் பபூன். சினிமாவில் அப்பா பிணமென்றால் தலைமாட்டில் உட்கார்ந்து அழுகிறவர் அவர்தான்; கம்பெனிக்காரர்கள் ஜோடியாகத்தான் கூப்பிடுவார்கள். மாலையைப் போட்டுவிட்டுக் கண்ணாடிக்குள் குனிந்து பார்த்தார்.

"ஏலே, இன்னைக்குத்தான்டா ஒனக்கு மூக்குல பஞ்ச ஒழுங்கா வச்சிருக்காக. கம்பெனிக்காரன் வச்சா தும்மல் வருதும்பியே."

சுற்றி இருந்த பெண்கள் ஒரு நொடி அழுகையை நிறுத்திவிட்டு மறுபடி தொடர்ந்தார்கள். பால்சாமி அசையாமல் நின்றார்.

"எத்தன வாட்டி அழுதிருக்கேன் இவனுக்கு. இன்னைக்கு ஒரு சொட்டு வரமாட்டேங்குது பாரு தாயி."

யுவராணி அவரை அடுப்படிப் பக்கம் கூட்டிப் போனாள். "சித்தப்பா, ஒங்க போன்ல அப்பா உசுரோட இருக்க மாதிரி ஒண்ணு இருக்கா?"

"சிரிப்பு ஷாட்டு இருக்கே."

"அது என்னது?"

"தெரியாதா ஒனக்கு?" போனைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். "சாவு சீன் எடுத்து முடிச்சா, செத்த ஆள அப்படியே எந்திரிக்கச் சொல்லி, கேமராவப் பாத்துச் சிரிக்கச் சொல்லுவாக. அதையும் ஒரு ஷாட்டு எடுத்துருவாக. அப்பத்தான் அந்தத் தோசம் ஆளு மேல ஒட்டாதாம். படத்துல வராது, வெட்டிப் போட்டுருவாக. நான் பக்கத்துல நின்னு போன்ல புடிச்சுக்கிருவேன்."

காட்டினார். பாடையில் அப்பா எழுந்து உட்கார்ந்திருந்தார். இடுப்பு வரைக்கும் தெரிந்தது. நெற்றியில் காசு, மூக்கில் பஞ்சு, வயிற்றில் புரளும் மாலை. முகம் மட்டும், கறிக்குழம்பில் நல்லி எலும்பு தன் தட்டில் விழுந்துவிட்டதைப் போல, ஓட்டைப்பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது.

அவளுக்கு அந்தச் சிரிப்பைத் தெரியும். ஒத்திகை முடிந்து பாயை விட்டு எழுந்ததும் அடுப்படியைப் பார்த்து இப்படித்தான் சிரிப்பார். காப்பி கேட்கிறார் என்று நினைத்து, இத்தனை வருடமும் எதிர்ச்சிரிப்புச் சிரிக்காமல் காப்பியைக் கொண்டுபோய் வைத்திருக்கிறாள்.

"சித்தப்பா." முந்தானை நுனியைச் சுருட்டினாள். "நான் காலைல பாத்தேன். ஒத்திகைன்னு நெனச்சுட்டேன். வயிறு அசையல, சூப்பருப்பான்னு சொல்லிட்டுத் தண்ணிக்குப் போயிட்டேன்."

அடுப்பு மேட்டில் காலையில் வைத்த அந்தக் காப்பித் தம்ளர் கொட்டாமல் அப்படியே இருந்தது. பால்சாமி அதையே பார்த்தார்.

"சூப்பருன்னா சொன்ன?"

"ம்."

அவர் கூடத்துப் பக்கம் திரும்பினார். "ஏலே உக்கிரம், கேட்டியாடா? ஒரு டைரக்டரும் சொல்லலடா இத..." என்று தொடங்கியவருக்கு அந்தச் சொட்டு வந்துவிட்டது. தோளில் துண்டைத் தேடினார். துண்டு ஆட்டோவிலேயே போயிருந்தது. யுவராணி கரித்துணியை எடுத்து நீட்டினாள். அதிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது படம் போனது. உடனே கடைக்காரர் கூப்பிட்டார்.

"யக்கா, நல்ல மூஞ்சி. பஞ்சு, காசு, மாலையெல்லாம் எடுத்துட்டு கோட்டு சூட்டுப் போட்டு விட்டுரவா?"

"எதையும் எடுக்காதீக."

"செத்தவுக சிரிக்க மாதிரில்லக்கா இருக்கும்?"

"ஆமா," என்றாள். "அப்படியே போடுங்க."

நாலரைக்கு ஃப்ளெக்ஸ் வந்தது. மாரிசெல்வம் பிரித்துப் பார்த்தான். அவனே மரத்தில் ஏறி, தெருமுனையில் இரண்டு வேம்புக்கு நடுவே இழுத்துக் கட்டினான்.

கொட்டுச் சத்தத்தோடு அப்பா கிளம்பினார். பெண்கள் முச்சந்தி வரைக்கும்தான். அங்கே ஃப்ளெக்ஸுக்குக் கீழே பாடையை இறக்கித் திசை மாற்றி வைத்தார்கள். நெற்றியில் காசு, மூக்கில் பஞ்சு, மேலேயும் அதே, கீழேயும் அதே. தலைமாட்டில் பழகிய இடத்தில் பால்சாமி நின்றுகொண்டார்.

தூக்கிக்கொண்டு ஆண்கள் போனார்கள். கொட்டுச் சத்தம் கண்மாய்க் கரை ஏறி இறங்கியது. "வா தாயி, வீடு கழுவணும்" என்று யாரோ கூப்பிட்டார்கள்.

யுவராணி ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பொட்டலிலிருந்து காற்று வந்தது. ஃப்ளெக்ஸில், மாலைக்குக் கீழே, அப்பாவின் வயிறு புடைத்து எழும்பி மெல்ல உள்வாங்கியது. மறுபடியும் எழும்பியது.

"அசையுதுப்பா" என்று வாய் வரைக்கும் வந்ததை அவள் சொல்லவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, குடத்தை எடுக்கப் போனாள்.