வெந்நீரில் துடக்கு

...அதுவும் அரைக்காற்சட்டையோடு, வீட்டுக்குப் பக்கத்து ரெய்னர்ஸ் லேன் கடைக்குக் கறிவேப்பிலை வாங்கப் போவதென்றாலும் மடிப்புக் கலையாத சேட்டும் பெல்ட்டுமாகப் போகிற மனுசன், இப்போது ஐஸ்லாந்தின் எரிமலைப் புகைக்கு நடுவில், கூழ்முட்டை மணக்கிற வெந்நீரில் நெஞ்சளவுக்கு நிற்கிறார், நல்லவேளை தண்ணீர் பால்போல வெளுத்திருக்கிறது, கீழே என்ன உடுப்பு என்று யாருக்கும் தெரியாது, ஆனால் குகநாதனுக்குத் தெரியுமே... குளிப்பதென்றால் சாரம் கட்டித்தானே குளிப்பது என்று சாரத்தை மடித்துக் கொண்டுவந்திருந்தார், வாசலில் நின்ற பெட்டை அதை மேசைவிரிப்பைப் பார்ப்பதுபோலப் பார்த்துத் தலையாட்டிவிட்டாள், போதாததற்கு இறங்கமுன் ஒரு துணியும் இல்லாமல் நின்று உடம்பு கழுவவேண்டுமாம், எங்கெங்கே தேய்ப்பது என்று சுவரில் படம் வேறு, உரிய இடங்களுக்குச் சிவப்பு நிறம் பூசி... இந்தக் கோலத்தை றமணன் கண்டால்?

றமணன். அந்தப் பெயர் நினைவில் வந்ததும் வெந்நீருக்குள்ளேயே குளிர்ந்தது. மாமாவின் மகன், தாய்வழிச் சொந்தம், இந்த நேரம் ஹரோவில் அவனுடைய மகளின் அரங்கேற்றம் நடக்கிறது, குத்துவிளக்கு ஏற்ற முதல் ஆளாகக் கேட்டது குகநாதனைத்தான், குடும்பத்தில் அவருக்கு அப்படியொரு மதிப்பு. தாய்தகப்பனின் கலியாண நாளுக்கென்று மகள் கீர்த்திகா ஐஸ்லாந்துக்கு டிக்கெட் எடுத்ததும் அதே சனிக்கிழமைக்கு, மாத்த ஏலாதாம் அப்பா என்றாள். சொந்தத்துப் பிள்ளையின் அரங்கேற்றத்தை விட்டுவிட்டு நானும் மனுசியும் குளிக்கப் போகிறோம் என்று மானமுள்ளவன் எப்படிச் சொல்வது? உடம்புக்கு வருத்தம் என்றால் ஹோர்லிக்ஸ் போத்தலோடு வீட்டுக்கே வந்துவிடுவார்கள். யாரும் கேள்வி கேட்கமுடியாத காரணம் ஒன்றே ஒன்றுதான், அது போனில் தானாகவே வாயில் வந்தது: "கனடாவில ஒரு பெரியப்பா மோசம் போயிட்டார், றமணன். எங்களுக்குத் துடக்கு. தீட்டோட விளக்குக் கொளுத்த ஏலாது." ஒரு பொய்யை இவ்வளவு கௌரவமாக வேறு யாராவது சொல்லியிருப்பார்களா? அவனோ, "ஐயோ, பரவாயில்லை அத்தான், அப்ப தியாகு அத்தானைக் கேக்கிறன்" என்றான். அங்கேதான் பிசகியது. தியாகராஜா கூடப்பிறந்த அண்ணன், ஒரே தகப்பன், ஒரே துடக்கு... "அவருக்கும் துடக்குத்தானே" என்று சொல்லவேண்டியதாயிற்று. அம்மாவின் நினைவு மலரில் யார் பெயர் மேலே என்று தொடங்கிய கோபத்தில் நாலு வருசமாய்ப் பேச்சில்லாத அண்ணன், அவருக்கும் சேர்த்து இவர் ஒரு சாவை அனுப்பிவைத்தார்.

"இஞ்சேருங்கோ, எல்லாரும் பூசுகினம், நீங்களும் பூசுங்கோ," என்று கலாவதி உள்ளங்கை நிறைய வெள்ளைச் சேற்றை நீட்டினாள், தோலுக்கு நல்லதாம், அவள் முகம் ஏற்கெனவே சுண்ணாம்பு அடித்த மதில் மாதிரி இருந்தது. யோசிக்காமல் மூன்று விரலால் தொட்டார், யோசிக்காமல் நெற்றியில் இழுத்தார், திருநீறுபோல மூன்று குறி. "கோயிலுக்கே வந்திருக்கிறியள்?" என்று அவள் சிரித்தாள். சிரிக்கட்டும். அப்பா பழக்கிய கை, இடப்பக்க நுனியில் கொஞ்சம் மேலே தூக்கி முடிக்கவேண்டும், இந்த உலகத்தில் அப்படிப் பூசுகிற நெற்றி இரண்டுதான்... ஆவி விலகியது. கறுத்த பாறையின் பக்கம், முழுமுகமும் பூசிய வெள்ளைக்காரர்களின் நடுவில், மூன்று குறியோடு ஒரு நெற்றி. இடப்பக்க நுனி மேலே தூக்கியிருந்தது.

கலாவதியின் கையிலிருந்த மிச்சச் சேற்றை வழித்து முகம் முழுக்க அப்பினார், காதுக்கும் சேர்த்து. "இதென்ன, இன்னும் வேணுமே?" "சத்தம் போடாதையும், கலா." அண்ணை எப்படி இங்கே? றமணன் துடக்கைப் பற்றிக் கேட்டிருப்பான், சொந்த வம்சத்தில் ஒரு சாவு நடந்தது தெரியாது என்று ஒப்புக்கொள்ள அண்ணையின் நாக்கு வளையுமா, ஓம் ஓம் தெரியும் என்றிருப்பார், பிறகு சனிக்கிழமை சும்மா கிடந்திருக்கும், பிள்ளைகள் ஏற்றி அனுப்பியிருப்பார்கள்... என்னுடைய பொய்யில் குளிக்க வந்திருக்கிறார்! கோபம் வந்தது, ஆனால் கரையேறினால் அரைக்காற்சட்டை தெரியும். அவரும் ஏறவில்லை. அவருக்கும் அதே காரணமாக இருக்கலாம். விரல் நுனிகள் சுருங்கின. பிறகு, தேருக்குப் பின்னால் நடக்கிறவர்போல முதுகு வளையாமல், தண்ணீரைத் தள்ளிக்கொண்டு அண்ணை வந்தார், பக்கத்தில் நின்றார், பாறையைப் பார்த்து, "வெரி ஹொட்," என்றார்.

"யெஸ்," என்றார் குகநாதன், அவரும் பாறையைப் பார்த்து.

"செத்தது ஆரடா?"

சேற்றுக்குக் கீழே முகம் கொதித்தது.

"றமணன் கேட்டவன். தெரியாதெண்டு சொல்ல ஏலுமே? நல்லா வாழ்ந்த மனுசன் எண்டு சொல்லிப்போட்டன். அவன் திரும்பவும் போன் எடுப்பான். பேரைச் சொல்லு."

பெயர்... ஒரு பெரியப்பா வேண்டும், இல்லாவிட்டால் ஒரு சித்தப்பா, கனடாவில் என்றால் யார், ஸ்காபரோ சித்தப்பா போய்விட்டார், அதற்கு உண்மையாகவே துடக்குக் காத்தோம், பெரியப்பா அதற்கு முன்னமே, பாரிஸிலிருந்த சின்னச் சித்தப்பா போன மாரியில், அதைப் போனில் சொன்னதுகூட அண்ணை இல்லை, வேறு யாரோ... அப்பாவின் வழியில் விரல் மடித்துக்கொண்டே போனார், ஒரு பொய்க்குச் சாகவும் மூத்தவர் ஒருவர் மிச்சமில்லை. மூத்தவர்கள் என்றால் இனி இந்தத் தண்ணீரில் நிற்கிற இரண்டு பேர்தான். அப்படியென்றால் அடுத்த துடக்கு...

"அண்ணை," என்றார், அந்தச் சொல் வாயில் புதிதாக இருந்தது, "கொஞ்சம் பொறுங்கோ, யோசிக்கிறன்."

"கெதியா யோசி," என்றார் தியாகராஜா, இன்னமும் பாறையைத்தான் பார்த்துக்கொண்டு, "நெத்தி இறுகுது."