ராகுகாலத்தில் ஒரு கையெழுத்து

சார்பதிவாளர் வெள்ளியங்கிரி நல்ல மனுசன்தான். ஆனாலும் அன்றைக்கு அவரைப் பிடித்து உலுக்கலாமா என்றிருந்தது எனக்கு.

என் தோழி கமலவேணிக்கும் தமிழரசுக்கும் அன்று பதிவுத் திருமணம். நான் சாட்சிகளில் ஒருத்தி. தமிழரசு போர்வெல் ரிக் லாரி ஓட்டுகிறவன். அன்று பன்னிரண்டு மணிக்கு சத்தீஸ்கர் கிளம்பினால் திரும்பி வர ஆறு மாதமாகும். அதற்குள் கல்யாண நோட்டீஸ் காலாவதியாகிவிடும். கமலவேணியின் அண்ணன்கள் அரை மனதாகத்தான் தலையாட்டியிருந்தார்கள். ஆறு மாதம் விட்டால் அந்த அரை மனதும் போய்விடும்.

காலையிலேயே போய் உட்கார்ந்துவிட்டோம். சர்வர் வேலை செய்யவில்லை. அது உயிர் பெற்றபோது வெள்ளிக்கிழமை ராகுகாலம் பிறந்திருந்தது.

வெள்ளியங்கிரி பேனாவை மூடிவைத்தார். "பன்னண்டுக்கு மேல போட்டுத் தர்றனுங்க. பத்திரம்னா கண்ண மூடிட்டுப் போட்டுருவேன். கல்யாணத்துக்கு என் கை வராதுங்க."

"பன்னண்டுக்கு வண்டி கெளம்புதுங்க" என்றான் தமிழரசு.

"கொஞ்சம் முன்னப்பின்ன எடுக்கச் சொல்லுங்க."

"ராகுகாலம் முடிஞ்சதும் எடுக்கோணும்னுதானுங்க ஓனரு பன்னண்டு வெச்சிருக்காரு."

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. "ஏனுங்க, சட்டத்துல ராகுகாலம்னு எங்கியாச்சும் எழுதியிருக்குதுங்களா?" என்று கேட்டேவிட்டேன்.

"இல்லீங்க" என்றார் கோபமே இல்லாமல். "ஆனா நாளைக்கு இவங்களுக்கு ஒண்ணுன்னா எம்மனசு என்னைய விடாதுங்க."

அதிகாரம் பண்ணியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அவர் நிஜமாகவே பயந்தார்.

அதுவரை வாயே திறக்காத கமலவேணி எழுந்து நின்றாள்.

"என்ற மொதக் கல்யாணத்துக்கு எங்கப்பா மூணு சோசியக்காரங்களப் பாத்தாருங்க. நல்ல முகூர்த்தம். வருசம் திரும்பறதுக்குள்ள மஞ்சக்காமாலைல என்னையக் கட்டுனவரு போயிட்டாரு. நேரம் குறிச்சவங்க ஆரும் அப்பறம் எங்கூட்டுப் பக்கம் எட்டிப் பாக்கலீங்க. இந்தத் தடவ நானே நேரம் குறிச்சுக்கறனுங்க."

வெள்ளியங்கிரி பேனாவை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு சத்தமாகவே சொன்னார்: "வர்ற கெடுதி எதுவானாலும் எந்தலையோட போவட்டும் முருகா. இந்தப் புள்ளைங்க மேல வேண்டாம்."

கையெழுத்துப் போட்டார். என் கோபம் போன இடம் தெரியவில்லை.

வண்டி சரியாகப் பன்னிரண்டுக்கு எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு புறப்பட்டது. தமிழரசு தினமும் போன் பண்ணுகிறான். கமலவேணி கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள்.

அந்த மனிதர் தலையில் ஏற்றிக்கொண்டதுதான் அவளை உறுத்துகிறது. வெள்ளிக்கிழமை வந்தால் அவரைக் கூப்பிட்டு நலம் விசாரிக்காமல் இருக்கமாட்டாள். போன வாரம் நானும் பக்கத்தில் இருந்தேன்.

"சார், நல்லா இருக்கறீங்களா?"

"நல்லாத்தான் இருக்கறேன் சாமி" என்றார் வெள்ளியங்கிரி. "நீ மொதல்ல போன வை. ராகுகாலத்துல கூப்புடாதன்னு எத்தன தடவ சொல்றது?"