பசியை எடுத்துக்கொண்ட ஆள்

என் மனைவி பாண்டீஸ்வரியை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தியதுமே அந்த ஆளை எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. பெயர் லிங்கேஸ்வரன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மதுரையிலிருந்து போடிக்கு வருவார். ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில் ஓர் அறை. வாசலில், 'ஹிப்னாடிசம் மூலம் உணவுப் பழக்கம் மாறும், உடல் எடை குறையும்' என்று எழுதி ஒட்டியிருந்தது. ஆளைத் தூங்கவைத்துக் கொழுப்பைக் கரைப்பார்கள் என்றால் யார் நம்புவது?

முதலில் ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். நான்தான் எழுதினேன். வயது நாற்பத்தேழு, எடை எண்பத்தெட்டு. வேலை என்ற இடத்தில் 'கூலி' என்று மட்டும் எழுதினேன். நோய் ஏதும் உண்டா என்ற இடத்தில் கோடு போட்டேன். ஆளை மயக்குகிறவரிடம் எல்லாவற்றையும் ஏன் கொட்ட வேண்டும்? படியேறும்போதே அவளிடமும் சொல்லியிருந்தேன்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. எஸ்டேட்டுப் பேரு, ஊர்க்கதை ஒண்ணும் எடுக்காத."

"ஏன் மாமா, என்னையத் தூக்கிட்டா போயிருவாரு? தூக்க முடிஞ்சா நாம எதுக்கு இங்க வர்றோம்?" என்று அவள் சிரித்தாள்.

வராமலும் இருக்க முடியவில்லை. நாங்கள் இருவரும் தினமும் போடியிலிருந்து ஜீப்பில் மலையேறி, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரே ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கிறோம். எனக்கு மூட்டை தூக்குகிற சோலி, அவளுக்குக் காய் எடுப்பு. ஏலச்செடியில் காய் மேலே தொங்காது. தூரில், தரையோடு கிடக்கும் சரத்தில் இருக்கும். குத்தவைத்து எடுத்து, எழுந்து, அடுத்த தூரில் மறுபடி குத்தவைக்க வேண்டும். பாண்டீஸ்வரி உட்கார்ந்தால் பக்கத்து வரிசை ரோஜா கை கொடுத்துத்தான் தூக்க வேண்டியிருந்தது. கங்காணி மொக்கச்சாமி சொல்லிவிட்டான்.

"ஆத்தா, அடுத்த எடுப்புக்குள்ள ஒடம்பக் கொறச்சிரு. இல்லாட்டி ஒன் எடத்துல வேற ஆளப் போட்டுருவேன். அப்புறம் என்னையக் கொற சொல்லாத."

ஓர் எடுப்பு தோட்டம் முழுக்கச் சுற்றி முடிந்து அடுத்தது தொடங்க நாற்பது நாள். அவளுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கும் ஆஸ்பத்திரியிலும் குறைக்கத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் மலைக்குக் கொண்டுபோன சோற்றைத் திரும்பக் கீழே கொண்டுவருவது எங்கள் ஜீப்பில் வழக்கம் இல்லை. யார் மிச்சம் வைத்தாலும் அது அவள் தூக்குவாளியில்தான் விழும். அவளும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது.

"அழுதியா?"

"இல்ல மாமா. நல்லாத் தூங்கி எந்திரிச்ச மாதிரி இருக்கு."

"என்னத்தக் கேட்டாரு?"

"என்ன வாசம் புடிக்கும்னு கேட்டாரு. ஏலக்கான்னேன். போடிக்காரவுக எல்லாரும் இதத்தான் சொல்றீகன்னு சிரிச்சாரு. ஒரு காயைக் கையில குடுத்து, இந்த வாசம் வந்தாப் பசி அடங்கி வயிறு நெறஞ்சிரும்னு திரும்பத் திரும்பச் சொன்னாரு."

அந்த ஒற்றை ஏலக்காயை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அவுத்து எறி அத! தோட்டத்து கேட்டுல சோதிக்கும்போது முந்தியில ஏலக்கா இருந்தா என்ன சொல்லுவாங்க? மதுரைக்காரரு குடுத்தாருன்னா மொக்கச்சாமி நம்புவானா?"

அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவதாகச் சொன்னாள்.

மறுநாள் தோட்டத்தில் பத்து மணிக்கு எல்லோரும் சோற்றைத் திறந்தார்கள். பாண்டீஸ்வரி உருட்டிய உருண்டையை வாய் வரைக்கும் கொண்டுபோனாள். அப்படியே திரும்ப வைத்துவிட்டாள். செவ்வாயும் அதே. புதனும் அதே.

"அக்காளுக்குக் கனவுலயே பிரியாணி போட்டுர்றாரு போல மதுரைக்காரரு," என்றாள் ரோஜா என்னைப் பார்த்து. "சின்னமுத்தண்ணே, வீட்டுல அரிசி மிச்சம்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவளுடைய பையைத் துழாவிப் பார்த்தேன், வேறு மாத்திரை ஏதும் கொடுத்திருக்கிறாரா என்று. ஒன்றும் இல்லை. போடிமெட்டுக் கடையில் அவளுக்குப் பிடித்த பருப்புவடை வாங்கிக் கொடுத்தேன். அதையும் மூக்கு வரைக்கும் கொண்டுபோய் இறக்கிவிட்டாள். சாயங்காலம் வீட்டில் நாலு வாய். அதற்கு மேல் இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும், எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டாள். எனக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. ஞாயிறுதானே அந்த ஆள் போடியில் இருக்கிற நாள்? கட்டிப்போட்டவர் பக்கத்தில் வந்தால் கட்டுத் தளர்கிறது. மதுரைக்குப் போனதும் இறுகுகிறது. இதை அவளிடம் சொன்னபோது, "ஒனக்குத்தான் மாமா வைத்தியம் பாக்கணும்," என்றாள்.

மூன்று வாரத்தில் ஆறு கிலோ போய்விட்டது. மொக்கச்சாமியே வந்து, "அட, தானா எந்திரிக்கிறியே ஆத்தா!" என்றான். அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். அதைப் பார்த்துத்தான் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மூடியிருக்கக் கூடாது.

நான்காவது வாரம் வியாழக்கிழமை, சரத்தைப் பிடித்தபடியே தூருக்குள் சாய்ந்துவிட்டாள். வேர்த்து ஊற்றியது, பேச்சு குழறியது. சாக்கில் கிடத்தி நான்கு பேர் சேர்ந்து ஜீப்புக்குத் தூக்கிவந்தோம். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அவள் தலை என் மடியில் உருண்டது.

"மாத்திரையப் போட்டுட்டு வெறும் வயித்தோட வேல பாத்தாளா? சர்க்கரை எவ்வளவு எறங்கியிருக்கு தெரியுமா?" என்று ஆஸ்பத்திரியில் சத்தம் போட்டார்கள்.

குளுக்கோஸ் ஏறிய பிறகு நர்ஸ் கரண்டியால் கஞ்சி ஊட்டினார். பாண்டீஸ்வரி ஒரு டம்ளர் முழுவதையும் காலி செய்துவிட்டு, "இன்னங் கொஞ்சம்," என்று கேட்டாள். எனக்கு உயிர் வந்தது. ஓடிப்போய் இட்லி வாங்கிவந்தேன். கையால் பிட்டு வாயருகே கொண்டுபோனவள் நின்றுவிட்டாள்.

"வேணாம் மாமா. வயிறு நெறஞ்சிருச்சு."

"இப்பத்தானடி இன்னங் கொஞ்சம்னு கேட்ட?"

அவள் கையைப் பிடித்து இழுத்தேன். காயின் கறை ஏறிக் கறுத்துப்போன விரல்கள். மோந்து பார்த்தேன். ஏலக்காய்.

எவ்வளவு கழுவினாலும் எடுப்புக் காலத்தில் எங்கள் பெண்களின் கையை விட்டு அது போகாது. எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டால்தான் ஒருநாள் கொஞ்சம் மங்கும். ஆறு நாளும் அந்தக் கையால்தான் சோறு பிசைந்தாள். ஒவ்வொரு வாயிலும் அவர் சொன்ன வாசம் வந்து அவளைத் தடுத்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை செல்போன் கடைக்காரர் எட்டிப்பார்க்கும் அளவுக்கு மாடியில் சத்தம் போட்டேன். "ஏலத்தோட்டத்துல வேல பாக்குறவளுக்கு ஏலக்கா வாசத்தக் காட்டிப் பசியப் புடுங்கியிருக்கியே, நீயெல்லாம் மனுசனா?"

லிங்கேஸ்வரன் முகம் வெளுத்துவிட்டது. "தோட்டத்துலயா? காய் எடுக்குறாங்களா?" என்று கேட்டு, பழைய தாளைத் தேடி எடுத்தார். "கூலின்னுதாங்க போட்டிருக்கு. கட்டட வேலைன்னு நெனச்சேன். நோய்ங்கிற எடத்துல கோடு இருக்கு. வாயாலயும் நான் கேட்டிருக்கணும். கேக்காதது என் தப்புதான். சர்க்கரை இருக்குன்னு தெரிஞ்சிருந்தா டாக்டர் சொல்லாமத் தொட்டிருக்கவே மாட்டேன்."

பாண்டீஸ்வரி தாளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"இதுக்குத்தான் படிகிட்ட என் வாயப் பொத்துனியா? அவர நம்பாம என்னையக் கொல்லப் பாத்திருக்க."

நான் தாளை வாங்கிக் கவிழ்த்து வைத்தேன்.

"நீங்க சொன்னத எடுத்துவிடுங்க சார்," என்றாள் அவரிடம். "ஆனா பழையபடி எல்லாத்தையும் அள்ளித் திங்கவும் விட்டுராதீக. எனக்கு வேல போயிரும்."

ஆஸ்பத்திரி டாக்டருடன் போனில் பேசிவிட்டுத்தான் அவர் ஆரம்பித்தார். இந்தத் தடவை என்னையும் உள்ளே உட்காரச் சொன்னார். சங்கிலி ஆட்டுவார், மந்திரம் சொல்வார் என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. வெறும் பேச்சு. ஏலக்காய் வாசம் வெறும் வாசம்தான், பசிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டும், பாதிச் சோற்றில் கையை நிறுத்தி வயிற்றைக் கேட்க வேண்டும் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனார். எனக்கே கண் சொருகியது. என்னையும் சேர்த்துக் கட்டிவிடுவாரோ என்று தொடையைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு மூட்டையைப் பாதையிலேயே இறக்கிவிட்டுச் சரிவில் இறங்கினேன். அவள் தூக்கைத் திறந்தாள். கறுத்த விரலால் பிசைந்தாள். உருண்டை மூக்குக்கு நேரே வந்ததும் நின்றது. ரோஜாவும் மென்றதை நிறுத்தினாள்.

வாயில் போட்டாள். அடுத்ததையும் போட்டாள்.

பாதியில் நிறுத்தி மூச்சு விட்டாள். பிறகு இன்னும் நாலு வாய். ரோஜா தன் மிச்சப் புளிச்சோற்றைக் கவிழ்க்க வந்தபோது தூக்கைக் கையால் மூடினாள்.

"வேணாம்டி. ஒன் சோத்த நீ தின்னு."

"யாரு சொல்லச் சொன்னா?" என்று கேட்டேன்.

"எவன் சொல்லணும்? எனக்குப் போதும்."

குரல் அவளுடையதுதான். ஆனால் கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் 'போதும்' என்ற வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. முகத்தைக் குனிந்து பார்த்தேன். கண்ணைப் பார்த்தேன்.

"என்ன மாமா பாக்குற? அவரு உள்ள ஒக்காந்திருக்காரான்னா?"

அவள் முழங்காலில் கை ஊன்றித் தானாகவே எழுந்து அடுத்த தூருக்குப் போனாள். மேலேயிருந்து மொக்கச்சாமி கத்தினான்.

"சின்னமுத்து! மூட்டை என்ன தானா நடந்து வருமா?"

ஏறினேன். ஏறும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.