டம்ளரில் இறங்கிய வெள்ளை நூல்

வாடிய தக்காளிச் செடியின் தண்டை அறுத்து, அறுத்த முனையைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தொங்கவிட்டு, சரிதா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். நாற்றுப் பண்ணைக்காரர் போனில் சொன்ன சோதனை. வெறும் வாட்டமென்றால் தண்ணீர் தெளிவாகவே இருக்குமாம்.

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. பால் போல ஒரு வெள்ளை நூல் தண்டிலிருந்து மெல்ல இறங்கியது.

பாக்டீரியா வாடல். மருந்துக்கு அடங்காதது. நாலு நாளாகப் பச்சை மாறாமலே தலை தொங்கிய செடிகளைத் தாகம் என்றல்லவா நினைத்தாள்! ஓசூரில் ஷிப்டுக்குப் போயிருந்த கணவன் மாதேஷும் போனில், "வெயிலுக்குத் தொங்குது, தண்ணி வுடு புள்ள" என்றான். விட்டாள். மழையில் ஏற்கெனவே ஊறிக் கிடந்த மண் சேறானது. தண்ணீர் தேங்கிய மூலையில் தொடங்கிய சாவு, அந்தத் தண்ணீர் ஓடிய வழியே வரிசை வரிசையாக நகர்ந்திருந்தது.

அந்த வழி போய் முடிகிற இடம் நினைவுக்கு வந்ததும் பதறி எழுந்தாள். மாதேஷ், அவன் அண்ணன் இருவர் கொல்லை நிலத்துக்கும் ஒரே போர்வெல். சரிதாவின் மேல்கொல்லை நிறைந்ததும் மடையை வெட்டிக் கீழ்க்கொல்லைக்கு விடுவது வழக்கம். கீழே, மாதேஷின் அண்ணி முனிலட்சுமி இன்று காலையில்தான் புது நாற்று நட்டிருந்தாள்.

டம்ளரோடு ஓடினாள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது; முனிலட்சுமி மடையருகே மண்வெட்டியை ஓங்கியிருந்தாள்.

"அக்கா, வெட்டாதக்கா!"

"ஏன்? நாலு நாளா நீயே பாச்சிக்கின. இன்னிக்கு என் முறை. என் நாத்து காயணுமா உனக்கு?"

வரப்பைத் தாண்டக் காலைத் தூக்கிய சரிதா அப்படியே நின்றாள். கணுக்கால் வரை அப்பியிருந்தது அவள் கொல்லைச் சேறு. நோயே அந்த மண்ணில்தானே இருக்கிறது!

நின்ற இடத்திலிருந்தே டம்ளரை நீட்டினாள். "என் கால்ல சேறுக்கா, உன் கொல்லையில வைக்கமாட்டேன். நீயே பாரு, தண்டுலேர்ந்து நோய் பாலா இறங்குது. இந்தத் தண்ணி இறங்குனா உன் நாத்தும் போயிடும்."

முனிலட்சுமி பார்த்தாள். பிறகு மேல்கொல்லையைப் பார்த்தாள். "காய் புடிச்ச செடியாச்சேடி..."

அதற்குள் மடையோரம் தண்ணீர் கசியத் தொடங்கியது.

"நின்னுகினு என்னா பாக்கற? ஓடு, மோட்டார நிறுத்து!" என்று கத்தியபடியே முனிலட்சுமி காய்ந்த மண்ணை வாரி மடைமேல் கொட்டி அடித்து இறுக்கினாள்.

சரிதா மோட்டாரை நிறுத்திவிட்டு மூச்சிரைக்கத் திரும்பியபோது கசிவு நின்றிருந்தது. வரப்பின்மேல் ஒரு வாளி நல்ல தண்ணீர்.

"உன் பக்கமே நின்னு கால நல்லாத் தேச்சிக் கழுவு," என்றாள் முனிலட்சுமி. "அப்புறம் இந்தப் பக்கம் வா. களி ஆறுது."