காற்றுக்கு மறைப்பு

சிமெண்ட் குடோன் சுவரில் புது மேலாளர் ஒரு பலகை மாட்டியிருந்தார். எழுத்துக் கூட்டி முழுசும் படித்தேன். புகை பிடிக்கிறவர்கள் வேளைக்கு ஒரு தடவை வெளியே போகலாம். பிடித்து முடித்ததும் திரும்பிவிட வேண்டும். பிடிக்காதவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. மூட்டை சுமக்க வந்த நாளிலிருந்து நான் பீடியைத் தொட்டதில்லை. உள்ளே போகிற தூசியே போதும் என்று இருந்துவிட்டேன். அந்தப் புத்திக்குக் கிடைத்த கூலி இது: பீடிக்காரர்கள் வெளியே கால் நீட்டுகிற நேரத்தில் அவர்கள் மூட்டையும் என் முதுகில்.

"கொஞ்சம் உக்காந்துட்டு வரேன் சார், இடுப்பு விட்டுப்போச்சு" என்று கேட்டுப் பார்த்தேன்.

"நீ பீடி குடிப்பியா? இல்லேல்ல. அப்புறம் வெளிய என்ன வேலை?"

அன்று சாயங்காலமே பழைய சாமான் கடையில் புகை பிடிக்கிற பைப் ஒன்று வாங்கினேன். பீடி நாலு இழுப்பில் தீர்ந்துவிடும். இது அவசரக்காரனுக்கு ஆகாது, அரை மணி நேரம் போகும் என்றார் கடைக்காரர். அந்த வார்த்தைக்காகத்தான் வாங்கினேன்.

"வாய்க்குள்ள அடுப்பு மூட்டப் போறியாக்கும், இந்த வயசுல?" என்றாள் பெண்டாட்டி.

"எழுத்தும்தான் இந்த வயசுல கத்துக்கிட்டேன்."

"எழுத்துப் படிச்சா இருமல் வராதுய்யா."

லாரியில் லோடு ஏற்றுகிற மாதிரியே புகையிலையை அடைத்தேன். அடியில் ஆடாமல் அசையாமல் இறுக்கி, மேலே லேசாக. இழுத்தால் கன்னம்தான் குழி விழுந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, லாரியைத் தலைகீழாக ஏற்றுவதாக நினைத்துக்கொண்டு மறுபடி அடைத்தேன். புகை வந்தது. அவள் சொன்ன இருமலும் வந்தது. நாக்கு வெந்துபோனது. அவள் சிரித்துக்கொண்டே தண்ணீர்ச் சொம்பை என் பக்கம் நகர்த்தினாள். தோற்றுப் போகிற எண்ணம் எனக்கில்லை.

மறுநாள் பீடிக்காரர்களோடு நானும் வெளியே போய்ச் சுவரோரம் உட்கார்ந்தேன்.

"என்னண்ணே, வாயில கரண்டி? சாப்பாடு இன்னும் வரலையா?"

சிரித்தவர்கள் பீடியை நசுக்கிவிட்டு உள்ளே போனார்கள். நான் இருந்தேன். சூடான தண்ணியை உறிஞ்சுகிற மாதிரி மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாகச் சுவரில் சாய்ந்தது. பகல் வெளிச்சத்தில் இந்தத் தெருவை உட்கார்ந்து பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

மேலாளர் வந்து நின்றார். "இன்னும் முடியலையா?"

"முடியல சார்."

குனிந்து பார்த்தார். "அணைஞ்சு கிடக்கு. எந்திரி. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராத."

நாளைக்கு வேலை இல்லையென்றால் அடுப்பு நிஜமாகவே அணையும். ஆனால் கால் எழவில்லை.

"அணைஞ்சுதான் இருக்கு சார். புகையிலை இன்னும் பாதி இருக்கு. நீங்க மாட்டுன பலகைதானே, முடிச்சதும் வரச் சொல்லுது?"

தீக்குச்சியை உரசினேன். காற்று அணைத்தது. இன்னொன்று. அதுவும் போனது. மேலாளர் சிரித்தார்.

அப்போது கதவோரத்திலிருந்து என் ஜோடிக்காரன் வந்தான். எனக்கு மூட்டை தூக்கிவிடுகிறவன். அவனும் புகை அறியாதவன்.

"நீ எதுக்குடா வந்த?"

"காத்துக்கு மறைப்பு சார்" என்று என் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தான். அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர், அவர்களும் பிடிக்காதவர்கள்தான், வந்து நின்றார்கள்.

மேலாளர் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். நான் அடுத்த குச்சியை எடுத்தேன். சிமெண்ட் படிந்த இரண்டு சாம்பல் நிறக் கைகள் அதைச் சுற்றிக் குவிந்தன. உள்ளே சுடர் ஒருமுறை குனிந்தது, பிறகு நிமிர்ந்தது.