எரிக்காமல் விட்ட சரிவு

கண்ணுக்கெட்டிய தூரம் புல்லும், இடையிடையே குட்டை முள்மரங்களுமாய்க் கிடந்த அந்த வெட்டவெளியில் அக்காவுக்குப் பூச்சி ஆராய்ச்சி. தம்பிக்குத் தீத்தடுப்பு வேலை. கோடை முற்றுவதற்குள் அவனுடைய ஆட்களே புல்லைப் பட்டை பட்டையாக எரித்துவிடுவார்கள். பெருந்தீ வந்தால் அந்தக் கரிந்த தரையில் தீனியில்லாமல் அடங்கிவிடும்.

அந்த ஆண்டு மேற்குச் சரிவை மட்டும் விட்டுவைக்கச் சொன்னாள் அக்கா. செம்பு நிற வண்ணத்துப்பூச்சி இனம் ஒன்று அங்குள்ள முள்மரங்களில்தான் முட்டையிட்டிருந்தது. அதன் புழுக்களுக்கு எறும்புகள் காவல். புழுவின் முதுகில் கசியும் இனிப்புக்காகச் சுற்றியே நிற்கும்.

“பஞ்சை அடுப்போரமா வைக்கச் சொல்றியே அக்கா!”

“என் பிள்ளைங்கடா அதுங்க. தாய்மாமன் நீயே நெருப்பு வைப்பியா?”

சிரித்துவிட்டான். சரிவு தப்பியது.

இடுப்புயரப் புல் சருகாய்க் காய்ந்தது. ஒரு பிற்பகல் அக்கா போனபோது இலைகளில் ஒரு புழுகூட இல்லை. மரத்தடிப் புற்றுக்குள் எறும்புகள் அவற்றை ஓட்டிச் சென்றுகொண்டிருந்தன. கூட்டுப்புழுவாக மாற அவை மண்ணுக்குள் இறங்குவது வழக்கம்தான். ஆனால் இன்னும் பருவம் வரவில்லை. பறவைச் சத்தம் அடியோடு நின்றிருந்தது. காற்று மாறியதும் தீ வருகிறதென்று அவளுக்குப் புரிந்தது.

சரிவின் கீழே தம்பியும், அவனுடைய வண்டி ஓட்டுநரும் வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“டேய், மேல வாடா! அண்ணே, நீங்களும் வாங்க!”

“என்னக்கா?”

“கேக்காதே, ஓடி வா!”

அதற்குள் வேலிக்கு அப்பால் மேட்டுக்குப் பின்னால் புகை எழுந்துவிட்டது. தம்பி ஓடினான். ஓட்டுநர் வண்டிப் பக்கம் திரும்பினார்.

“விடுங்கண்ணே, வண்டி போனா போகுது!”

“இரு தம்பி, இதோ எடுத்துட்டு வந்துடறேன்.”

அக்காவும் தம்பியும் சரிவின் உச்சியைத் தாண்டி, முன்பே எரித்திருந்த கரிந்த பட்டையில் குப்புற விழுந்தார்கள். தலைக்கு மேல் அனல் இரைந்தது. எழுந்தபோது தம்பியின் தோள் வெந்திருந்தது. ஓட்டுநர் வரவில்லை.

முதல் மழைக்குப் பின் சாம்பலை விலக்கிக்கொண்டு மண்ணுக்குள்ளிருந்து வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாய் வந்தன. கருகிய அடிமரங்களில் வெடித்த தளிர்களில் முட்டையிட்டன. அக்காவால் அதைப் பார்த்து மகிழ முடியவில்லை.

தோளில் கட்டோடு தம்பி வந்து நின்றான்.

“அடுத்த கோடைக்கு முன்னாடி இந்தச் சரிவையும் எரிச்சிருவேன்.”

“புழுவெல்லாம் மண்ணுக்குள்ள போகட்டும், அப்புறம் எரி. நான் சொல்றேன்டா.”

“அதுங்க போறதுக்குள்ள தீ வந்துட்டா?”

அக்கா ஒரு தளிரைத் திருப்பி முட்டைகளை எண்ணத் தொடங்கினாள். ஓட்டுநரின் மனைவியைப் பார்க்க அவர்கள் இன்னும் போயிருக்கவில்லை.