இன்ஷாபின் காணி

எங்கள் காத்தான்குடியில் வீடு வளவெல்லாம் பெண்பிள்ளைகளுக்குத்தான். மாப்பிள்ளைமார் பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவார்கள். என் கணவர் இன்ஷாபும் அப்படித்தான், ஒரு சூட்கேசோடும் ஒரு ரைஸ் குக்கரோடும் வந்தார். குக்கர் மறுவருடமே பழுதானது. சூட்கேசும் அவரும் மிச்சம்.

அப்படிப்பட்ட மனுஷன் போன வருடம் காணி வாங்கினார். போனுக்குள். ஏதோ பிளாக்செயின் விளையாட்டாம், ஒரு தீவில் துண்டு வயலாம்.

"இது உலகத்துல எத்தினையோ கம்பியூட்டர்ல பதிஞ்சிருக்கு நிஸ்றா. எண்ட பேர்ல. ஆராலயும் அழிக்கேலா."

"எண்ட வீட்டு உறுதிப் பத்திரம் அலுமாரிக்குள்ள மட்டும்தான் கெடக்கு. அதையும் ஆரும் அழிக்கல்ல."

அந்த வயலுக்குத் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரு நாள் தவறினாலும் பயிர் வாடும், விடாமல் வந்த நாட்களின் எண்ணிக்கையும் பூச்சியமாகிவிடும். ஆளைக் கட்டிப்போட விளையாட்டுக்காரன் கண்டுபிடித்த சூழ்ச்சி. விடியற்காலை சுபஹ் தொழுத கையோடு இவர் ஊற்றுவார். காய்ச்சலில் ஊற்றினார், மௌத்து வீட்டில் அழுகைக்கு நடுவிலும் ஊற்றினார். முற்றத்து முருங்கைக்கு ஒரு வாளி ஊற்றச் சொன்னால் மட்டும் இடுப்பு வலி வந்துவிடும். இருநூற்றுப் பன்னிரண்டு நாள் ஓடியது. கலியாணம் பேசிய காலத்தில் என்னைப் பார்க்க ஒரே ஒரு தரம் வந்தவர், அதுவும் பிந்தி.

தொடக்கத்தில் தீவு நிறைய ஆட்கள். விளையாட்டு நாணயத்தின் விலை விழுந்ததும் எல்லோரும் கம்பி நீட்டினார்கள். சுற்றியுள்ள வயல்கள் காய்ந்து கிடக்க, இவர் மட்டும் நின்றார்.

"நல்லம்தானே, வரம்புச் சண்டை இல்ல" என்றார்.

பிறகு ஒருநாள் அறிவித்தல் வந்தது. வெள்ளிக்கிழமையோடு விளையாட்டை மூடுகிறார்கள்.

"அப்ப காணி?" என்று கேட்டேன்.

"பதிவு இருக்கும். பார்க்கத்தான் ஏலாது."

எனக்குப் பாவமாக இருந்தது. இந்த உலகத்தில் அவர் பேரில் இருந்த ஒரே நிலம் அதுதான்.

வெள்ளி காலை வழக்கம்போல் தண்ணீர் ஊற்றினார். அதன்பிறகும் நெடுநேரம் போனைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னும் என்ன செய்றீங்க?"

"ஸாதியாட பேருக்கு மாத்துறன்."

ஸாதியா எங்கள் மகள். நாலு வயது.

"இண்டைக்கு மூடப்போற காணியவா?"

"பின்ன? பொம்புளப் புள்ள இரிக்கக்குள்ள ஆம்புளட பேர்ல காணி கெடந்தா ஊர் சிரிக்கும் புள்ள."

நான் சிரிக்கவில்லை.